ஆறு பேருக்கு ஒரே மதிப்பெண்

நாற்பத்தெட்டுப் பெண்களை ஓர் அறையில் அடைத்துக் கணக்குச் சொல்லித்தரச் சொன்னால், எந்த டீச்சருக்கும் ஒரு வழிதான் உண்டு. கரும்பலகையில் எழுத வேண்டும், தொண்டை கிழியக் கத்த வேண்டும், மணி அடித்ததும் ஓட வேண்டும். பத்தொன்பது வருஷம் நான் அப்படித்தான் ஓடினேன். முன்வரிசையில் பத்துப் பேர் தேறுவார்கள். பின்வரிசைப் பெண்கள் சுவரைப் பார்த்தபடியே வளர்ந்து கல்யாணமாகிப் போய்விடுவார்கள். அதற்காக நான் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு மாகாணத் தலைநகரான அமாராவில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். பாக்தாதிலிருந்து வந்த ஓர் அம்மாள் குழுவாகக் கற்பதைப் பற்றிப் பேசினார். மற்ற டீச்சர்கள் பேரீச்சம்பழ பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு நாத்தனார் கதை பேசினார்கள். எனக்கு மட்டும் அந்த அம்மாள் சொன்னது பிடித்துக்கொண்டது. ஒருத்தி உழைக்க ஐந்து பேர் உட்கார்ந்து தின்றால் அது குழு இல்லை, சத்திரம் என்றார். குழுவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் பதில் வர வேண்டும். அப்படி வந்தால்தான் ஆறு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஊருக்குத் திரும்பியதும் ஆரம்பித்தேன். மூன்று பேர் உட்காரும் இரும்புப் பெஞ்சுகள் எங்களுடையவை. இரண்டை எதிரும் புதிருமாகப் போட்டால் ஆறு பேர். மொத்தம் எட்டுக் குழு. மதியம் அதே கட்டடத்தில் பையன்களின் பள்ளி நடக்கும் என்பதால் வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே பெஞ்சுகளைப் பழையபடி திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுடைய தலைமையாசிரியர் எங்கள் தலைமையாசிரியைக்குப் போன் போட்டுக் குதிப்பார். வெள்ளியும் சனியும் எங்களுக்கு விடுமுறை, வாரத்தில் ஐந்து கணக்கு வகுப்பு. ஞாயிறும் புதனும் முதல் மணி நேரம், அந்த இரண்டையும் குழு வகுப்பாக்கினேன்.

வீட்டிலிருந்து எட்டு டீக் கண்ணாடிகள் கொண்டுவந்தேன். குழுவுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்தக் குழுவின் ஆறு பெயர்கள் எழுதிய சீட்டுகள். அரைமணி நேரம் குழுவாகக் கணக்குப் போடுவார்கள். பிறகு கண்ணாடிக்கு ஒரு சீட்டு எடுப்பேன். எட்டுப் பெண்கள் எழுந்து வந்து, எட்டாகக் கோடு கிழித்த கரும்பலகையில் வரிசையாக நின்று கணக்கைப் போட வேண்டும். ஒருத்தி வாங்கும் மதிப்பெண்தான் அவள் குழுவில் ஆறு பேருக்கும். வராதவள் சீட்டு வந்தால் அதைத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பேன். குழுவுக்குள் சண்டை வந்தால் குழுவே தீர்த்துக்கொள்ள வேண்டும். தீராவிட்டால் கை தூக்கி ஓட்டெடுத்துக்கொள்ளலாம். என்னிடம் பஞ்சாயத்துக்கு வரக் கூடாது.

இது வேலை செய்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே வேலை செய்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். கெட்டிக்காரிகள் மக்குகளின் பின்னால் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இடைவேளையில் காரணிப்படுத்தல் பேசினார்கள். பின்வரிசையில் ஒருத்தி, இரண்டு வருஷமாக வாய் திறக்காதவள், கரும்பலகையில் என் தப்பைத் திருத்தினாள். அன்றைக்கு ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது அழுதேன். டிரைவர், யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

மூன்றாவது குழுவின் தலைவி ருசுல். மருந்துக்கடைக்காரர் மகள். வகுப்பில் முதலாவது. கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். பெரிய மனுஷித்தனமாகப் பேசுவாள். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பதுபோல அவள் சொன்னதுதான் அந்தக் குழுவில் சட்டம். அமாராவில் இருக்கும் பேர்பெற்ற மேல்நிலைப் பள்ளியில் சேர அவளுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் வேண்டும்.

அதே குழுவில் நவ்ரஸையும் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். மிகக் கெட்டிக்காரியையும் மிக மட்டமானவளையும் சேர்த்துப் போடச் சொல்லியிருந்தார் பாக்தாத் அம்மாள்.

நவ்ரஸின் குடும்பம் சதுப்பு நிலத்தில் தண்ணீர் வற்றியதும் நான்கு எருமைகளோடு ஊர் ஓரத்துக்கு வந்து குடியேறியது. விடியும் முன்பே அம்மாவோடு சந்தையில் உட்கார்ந்து எருமைப் பாலாடை விற்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். என்ன கழுவியும் பால் வாடை போகாது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு 'எருமை வந்துட்டா' என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அப்போது நான் நல்ல குணம் என்று நினைத்தேன்.

அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். நடுநிலைப் பள்ளியின் கடைசி வருஷமான இந்த மூன்றாம் வகுப்பின் அரசுத் தேர்வில் தேறினால் செவிலியர் பள்ளியில் சேரலாம். அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டிருந்தார். தேறினால் போகலாம். தேர்வுக்கு முன்னால் பள்ளியிலிருந்து ஒரு புகார்க் காகிதம் வந்தாலும் அத்தோடு படிப்பு முடிந்தது, எருமைகளுக்கு ஆள் வேண்டும். வருஷ ஆரம்பத்தில் இதை அவளே என்னிடம் சொன்னாள். மற்ற பாடங்களில் எப்படியோ ஐம்பதைத் தொட்டுவிடுவாள். கணக்குத்தான் உதைத்தது.

முதல் சில வாரம் ருசுல் அவளுக்கு உயிரைக் கொடுத்துச் சொல்லித்தந்தாள், அதையும் மறைக்கக் கூடாது. நோட்டில் தனியாகக் கணக்கு எழுதிக்கொடுத்து வீட்டில் போட்டு வரச் சொல்வாள். நவ்ரஸும் போட்டு வருவாள். பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்டால் பதில் சரியாக வரும். ஆனால் கரும்பலகை முன்னால் நின்றால் எழுதியதையே அழித்து அழித்து எழுதுவாள். அக்டோபர் கடைசியில் அவள் சீட்டு அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது. முதல் முறை பத்துக்கு மூன்று. இரண்டாம் முறை சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடி மணி அடிக்கும்வரை நின்றாள், பூஜ்யம். ஆறு பேருக்கும் பூஜ்யம். ருசுல் வாழ்க்கையில் முதல் முறையாக அந்த எண்ணைத் தன் பெயருக்கு நேரே பார்த்தாள்.

அன்று இடைவேளையில் நவ்ரஸ் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள். சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள்.

"டீச்சர், என்னை வேற குழுவுக்கு மாத்திடுங்களேன்."

"ஏன், இவங்க உன்னைக் கடிக்கிறாங்களா?"

"இல்ல டீச்சர். என்னால இவங்களுக்கு..."

"குழுவுக்குள்ள பேசித் தீத்துக்கோ கண்ணு. நாளைக்குக் கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போவே. அங்கேயும் வேற வீட்டுக்கு மாத்துங்கன்னு கேப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் டீ ஆறிவிடுமே என்று ஆசிரியர் அறைக்குப் போனேன்.

நவம்பரிலிருந்து மூன்றாவது குழு ஏறுமுகம். ஒன்பது, பத்து, பத்து, ஒன்பது. கூடி உழைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள் என மற்ற குழுக்களுக்கு அவர்களைக் காட்டிக் காட்டிப் பேசினேன். அவர்கள் பக்கம் போய் நிற்கவே மாட்டேன். சத்தம் போடாத குழு, வேலை நடக்கிற குழு, அங்கே எனக்கு என்ன வேலை? திணறுகிற குழுக்களிடம்தான் நிற்பேன். அந்த மூன்றாவது குழுவில் ஆறு தலையா ஐந்து தலையா என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

வருகைப்பதிவையும் குழுவிடமே விட்டிருந்தேன். முதல் மணி நேரத்தில் நான் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு தலைவியும் தன் குழுவில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று விரல்களைக் காட்டுவாள். வகுப்புத் தலைவி அதைப் பார்த்து வராதவர்களின் பெயரைச் சீட்டில் எழுதித் துணைத் தலைமையாசிரியை மாஜிதாவிடம் கொடுத்துவிட்டு வருவாள். எனக்கு ஐந்து நிமிடம் மிச்சம். இரண்டு மூன்று முறை நவ்ரஸின் சீட்டு வந்தது. இன்றைக்கு வரவில்லை டீச்சர் என்றாள் ருசுல். யாருக்குத்தான் ஒருநாள் காய்ச்சல் வராது? வேறு சீட்டு எடுத்தேன். மற்ற மூன்று நாட்களும் நவ்ரஸ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அதனால் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

குழு வகுப்புக்கென்று நானே ஒரு படிவம் தயாரித்திருந்தேன். தேதி, குழு, ஆறு பெயர், ஆறு மதிப்பெண். குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்பதால் முதல் பெயருக்கு நேரே எண்ணைப் போட்டு மற்ற ஐந்துக்கும் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகக் கோடு இழுத்துவிடுவேன். வராதவளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கோடு. நாற்பத்தெட்டுப் பெயரை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

டிசம்பர் பதினேழாம் தேதி புதன்கிழமை கல்வித்துறைக் கண்காணிப்பாளர் வந்தார். இந்த மனிதர் வரும் நாளில் பள்ளி வாசலைப் பூட்டவே மாட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். சீட்டுகளைத் தானே எடுக்கிறேன் என்று எழுந்து வந்து எடுத்தார், தானே பெயர்களைப் படித்தார். எனக்கு அவர் முகத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அவர் தலையாட்டினால் நானும் தலையாட்டினேன். முடிந்ததும் என் படிவக் கட்டைப் புரட்டி, எல்லா மாணவிகளும் எல்லா நாளும் பங்கேற்ற வகுப்பை இந்த மாகாணத்திலேயே இங்கேதான் பார்க்கிறேன் என்றார். பத்து நாளில் எனக்கு நன்றிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதம் ஒன்று இருந்தால் பணி மூப்பில் மாதங்கள் கூடும். தலைமையாசிரியை இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

மறு வாரம் திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பதினைந்து நாளுக்கு மேல் காரணமில்லாமல் வராததால் பெயர் நீக்கப்பட்டவர் என்று ஒரே ஒரு பெயர். நவ்ரஸ். மொத்தம் பதினாறு நாள். அன்று காலை வாசல் காவல்காரர் அவளை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியிருந்தார்.

மாஜிதாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். அந்தப் பெண் வந்துகொண்டுதானே இருக்கிறாள், என்ன பதிவேடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மாஜிதா பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். பதினாறு நாளும் ஞாயிறு, புதன். ஞாயிறு, புதன். வேறு கிழமையே இல்லை. பத்து நாள் ஆனதுமே எச்சரிக்கைக் கடிதம் எழுதி, குழுத் தலைவி என்ற முறையில் ருசுல் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இப்போதெல்லாம் எதையும் குழுத் தலைவியிடம் கொடுங்கள் என்று சொன்னதே நீதானே அஃப்ராஹ் என்றாள்.

ருசுலை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். அழுவாள், மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராக நின்று பதில் சொன்னாள்.

"நாங்க அவளை வர வேணாம்னு சொல்லல டீச்சர். குழு வகுப்பு அன்னைக்கு மட்டும் வர வேணாம்னு சொன்னோம்."

"எவடி உங்களுக்கு அந்த அதிகாரம் குடுத்தது?"

"நீங்கதான் சொன்னீங்க. குழுப் பிரச்சினையைக் குழுவே தீக்கணும், தீரலைன்னா ஓட்டுப் போடணும்னு. போட்டோம். ஆறு பேரும் கை தூக்கினோம்."

"ஆறு பேரா?"

"அவளும் தூக்கினா டீச்சர். அவளுக்கும் மார்க் ஏறிச்சுல்ல? அவ வராத நாள்லயும் அவளுக்குப் பத்து போட்டிருந்தீங்க. எங்களுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லதுன்னுதான் முடிவு பண்ணோம்."

எச்சரிக்கைக் கடிதத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். நவ்ரஸிடமே கொடுத்துவிட்டேன் என்றாள். வீட்டில் கொடுத்தால் அவள் அப்பா பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார் என்று நவ்ரஸ் கெஞ்சினாளாம். அதற்கும் குழுவில் பேசி முடிவெடுத்தார்களாம்.

அவளை அறைய வேண்டும்போல எனக்குக் கை துடித்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என்னுடையதல்லாமல் இல்லை. நான் கற்றுக்கொடுத்ததை அந்த ஆறு பேரும் நன்றாகவே கற்றிருந்தார்கள். மற்ற ஏழு குழுக்களைவிட நன்றாகவே. அவள் எங்கே இருப்பாள் என்று மட்டும் கேட்டேன். சுகாதார நிலையத்தில் என்றாள் ருசுல்.

அன்றும் மறுநாளும் வகுப்பு, தேர்வுத்தாள் என்று ஓடிவிட்டது. புதன்கிழமை காலை அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். ஞாயிறும் புதனும் அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். பெண்கள் காத்திருக்கும் கூடத்தில் நிற்க இடமில்லை. யாரும் யாரையும் யாரென்று கேட்காத கூட்டம். பள்ளியில் வாசலைப் பூட்டிவிட்டால் முதல் வகுப்பை மட்டும் தவிர்த்துவிட்டு உள்ளே நுழைய முடியாது, அதனால் முழு நாளையும் இவள் இங்கேயே கழித்திருக்கிறாள். சுவரோரம் நீலச் சீருடையில், மடியில் யாரோ ஒருத்தியின் குழந்தையையும் அதன் மேல் கணக்கு நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்தாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பதினாறு நாளின் கணக்குகளும் இருந்தன. ருசுலின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, கீழே தானாகவும் ஒருமுறை போட்டிருந்தாள். பெரும்பாலும் சரி.

"ஏன்டி என்கிட்ட வந்து சொல்லல?"

அவள் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். சொல்ல வந்தவளை நான்தானே மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

"டீச்சர், அப்பாவுக்கு இன்னும் தெரியாது. காகிதம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள என்னைச் சேத்துக்குவாங்களா?"

"நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ தைரியமா இரு."

அந்த நிமிஷத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன்.

அங்கிருந்த நர்ஸ் ஒருத்தியிடம் மருத்துவச் சீட்டு கேட்டுப் பார்த்தேன். நோயாளிப் பதிவேட்டில் பெயரே இல்லாதவளுக்கு எப்படி எழுதுவது என்றாள். பள்ளிக்குத் திரும்பி மாஜிதாவின் முன்னால் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். மாஜிதா கல்நெஞ்சுக்காரி இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள், ஒரே ஒரு நாள்தான் அதிகம். பதினைந்தாக இருந்திருந்தால் நானே ஒரு கண்டிப்போடு விட்டிருப்பேன். இந்தப் பதினாறில் ஏதாவது ஒரு நாள் அவள் வந்ததற்கு ஒரு காகிதம் இருந்தால் கொண்டு வா, அந்த நாளை அடித்துவிடுகிறேன், திங்கட்கிழமை ஆசிரியர் குழுவில் வைத்துப் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடலாம்.

காகிதமா இல்லை என்னிடம்! படிவக் கட்டை எடுத்து வந்து மேசையில் போட்டேன். மாஜிதா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினாறு நாளும் நவ்ரஸின் பெயர், பதினாறு நாளும் அவளுக்கு மதிப்பெண். மாஜிதாவின் முகம் மாறியது.

"அஃப்ராஹ், இதை நான் வெளியில எடுத்தா என்ன ஆகும் தெரியுமா? ஒண்ணு என் பதிவேடு பொய். இல்ல உன் படிவம் பொய். பதினாறு நாளும் பொய்."

"என் படிவம்தான் பொய்."

"இதைப் பாத்துட்டுத்தான் உனக்கு நன்றிக் கடிதம் குடுத்தாங்க. விசாரணைன்னு வந்தா கடிதம் போறதோட நிக்காது. இருபது வருஷ வேலை."

பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தக் கட்டை யாரும் பார்ப்பதற்குள் சரியாக எழுதி வைத்துவிடு என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். வேலை போய்விட்டால் வீட்டில் யார் சம்பாதிப்பது என்பது அவளுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் போரில் கால் போனதிலிருந்து வீட்டோடு இருக்கிறார்.

நான் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்தேன். மதியப் பள்ளிப் பையன்கள் வரும் சத்தம் கேட்கத் தொடங்கியது. எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய்க் காகிதத்தை வைத்து ஒரு பெண்ணைக் காப்பாற்றினால் அதுவும் பொய்தானே. நான் செய்யப்போவது திருத்தம், மோசடி இல்லை. அவள் வரவில்லை, வரவில்லை என்றே எழுதுகிறேன், இதில் என்ன தப்பு? பயந்தவளுக்கு நேர்மைகூட ஒரு சாக்குத்தான். புதிய படிவங்களை எடுத்து மூன்றாவது குழுவுக்கு, அந்தப் பதினாறு நாளுக்கும் ஐந்து பெயர் மட்டும் எழுதினேன். பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி தேதியாக. பழையவற்றைக் கிழித்து, டீ போடும் உம்மு கரீமின் அடுப்பில் போட்டுவிட்டு, எரிந்து முடிகிறவரை நின்றேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் குழு கூடியது. நான் பேசினேன். நல்ல பெண், ஏழைப் பெண், மன்னித்துவிடலாம் என்றெல்லாம் உருக்கமாகவே பேசினேன். வந்ததற்கு ஆதாரம் உண்டா என்று தலைமையாசிரியை கேட்டார். இல்லை என்றேன். புதிய படிவங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்துகின்றன என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்தார், பள்ளியிலிருந்த அவளுடைய காகிதக் கோப்பை வாங்கிப்போக. உயரமான மனிதர், சேறு காய்ந்த செருப்பு, தலையில் கட்டம் போட்ட துணி. கோபமாக வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். களைப்பாக இருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நவ்ரஸ் அவருக்குப் பின்னால் நின்றாள், கறுப்பு அபாயா அங்கியில். சீருடை இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன். பத்து வயது கூடித் தெரிந்தாள்.

"டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பொண்ணு தினமும் பையைத் தூக்கிட்டுத்தான் கிளம்புவா. பதினாறு நாள் எங்கே போனா?"

அந்தக் கேள்வியில் என்னவெல்லாம் இருந்தது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சுகாதார நிலையத்தில் பெண்கள் கூடத்தில் இருந்தாள், நானே கண்ணால் பார்த்தேன், நர்சுகளைக் கேளுங்கள் என்றேன். உங்கள் பெண்மீது ஒரு குற்றமும் இல்லை என்றும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னால் சரிதான் என்றார். அவருக்கு மூச்சு வந்தது. என்னால் அந்த ஒன்றையாவது செய்ய முடிந்ததே என்று எனக்கும் மூச்சு வந்தது.

மாஜிதா கோப்பைத் திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். பிறப்புச் சான்று, இரண்டு புகைப்படம், மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவின் நகல், என் படிவங்களின் நகல். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நவ்ரஸ் முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். விரலை வைத்துத் தேதிகளைப் படித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"டீச்சர், டிசம்பர் பதினேழு நான் வந்திருந்தேனே."

நான் மற்ற காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"கண்காணிப்பாளர் வந்த அன்னைக்கு. பாலாடை விக்கலை, லேட்டாயிடுச்சு. வர வேணாம்னுதான் இருந்தேன், ஆனா அந்தக் கணக்கை ராத்திரி மூணு தடவை போட்டுப் பாத்தேன், சரியா வந்துச்சு. அதனால வந்துட்டேன், அவருக்காக வாசல் திறந்தே இருந்துச்சு. அதுக்குள்ள ருசுல் அஞ்சு விரல் காட்டிட்டா. அவர் சீட்டு எடுத்தாரு, என் பேருதான் வந்துச்சு. போர்டுல நான்தான் போட்டேன். பத்துக்குப் பத்து. நீங்ககூட 'பலே'ன்னீங்க."

சொன்னேன். அன்றைக்குக் கண்காணிப்பாளர் தலையாட்டினார், நானும் தலையாட்டி 'பலே' என்றேன். கரும்பலகையின் நடுவில், எட்டு முதுகுகளில் ஒரு முதுகு. கிழித்துப்போட்ட பதினாறு காகிதங்களில் பதினைந்து பொய். ஒன்று உண்மை. பதிவேட்டில் இல்லாத அந்த உண்மை ஊரிலேயே என் படிவத்தில் மட்டும்தான் இருந்தது.

மாஜிதாவின் பேனா நின்றுவிட்டது. ஒரு நாள் குறைந்தால் பதினைந்து. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"அப்படியா அஃப்ராஹ்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், புதிய படிவத்தில் என் கையெழுத்தில் ஐந்து பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். பழையது எங்கே என்று சொல்ல வேண்டும். ஆசிரியர் குழுவில் ஆதாரம் இல்லை என்று சொன்னது யார் என்று சொல்ல வேண்டும். நவ்ரஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் குற்றம்சாட்டும் பார்வை இல்லை. டீச்சருக்கு ஞாபகம் வந்துவிடும், வந்ததும் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

"அது வேற நாள் கண்ணு," என்றேன். "உனக்கு மறந்துபோச்சு."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மற்ற ஐந்து பேரோடு சேர்ந்து கை தூக்கியபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"இருக்கும் டீச்சர்," என்றாள்.

அவள் அப்பா எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று கேட்டார். மாஜிதா மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.